வாரத்தில் இரண்டு நாள் தேகாப்பியாசம்

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில், சிகாகோ நகரத்தில் மிச்சிகன் ஏரிக்கரையோரம் ஒரு காலத்தில் பெரிய ஹோட்டலாக விளங்கி, பின்னர் ராணுவத்தின் வசமாகி, கார்டினர் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்ற கட்டடத்தில், தொடையெலும்பு முறிந்தும் முழங்கால் சிதைந்தும் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தார்கள். எலும்பு கூடிவிட்ட பிறகும் அவர்களுடைய கால் தேறவில்லை. தொடைச்சதை சூம்பிப் போயிருந்தது. லேசான எடையை அநேகம் தடவை அசைக்கும் மிருதுவான பயிற்சியையே அக்காலத்து வைத்திய சம்பிரதாயம் அவர்களுக்கு விதித்திருந்தது. அங்கே பணிக்கு வந்து சேர்ந்த தாமஸ் டிலார்ம் என்ற இளம் டாக்டரோ, தம் இளம்பிராயத்தில் ருமாட்டிக் காய்ச்சலால் படுக்கையில் விழுந்து, இனிமேல் கடினமான வேலை எதுவும் கூடாது என்று எச்சரிக்கப்பட்டு, அதன் பின்னும் பளு தூக்கியே தம் சரீரத்தை மீட்டுக்கொண்டவர். தமக்குப் பலித்த மார்க்கத்தை நோயாளிகளிடமும் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தார்.

அவர் செய்தது மிகவும் எளிய காரியம். சிப்பாயை மேஜையின் விளிம்பில் உட்கார வைத்து, எடை கோக்கும்படி அமைந்த இரும்புப் பாதரட்சை ஒன்றைக் காலில் கட்டி, முழங்காலை மெல்ல நீட்டி மடக்கச் சொன்னார். சரியாகப் பத்துத் தடவை தூக்க முடிந்து, பதினோராவது தடவைக்குக் கால் மறுத்துவிடும் எடை எதுவோ, அதுவே அந்த மனிதனுக்குரிய அளவு. வாரந்தோறும் அந்த அளவை மறுபடி சோதித்து, உயர்ந்திருந்தால் எடையையும் உயர்த்தினார். 1945-இல் இம்முறையை அவர் வைத்திய உலகுக்கு எழுதி அறிவித்தார். இன்று உலகமெங்கும் ஜிம்களில் புழங்கும் செட் கணக்குக்கும், படிப்படியாகப் பளுவைக் கூட்டும் நியமத்துக்கும் அந்த ஆஸ்பத்திரி அறை ஒரு முக்கியமான பிறப்பிடம்.

ஆயினும் அவகாசமில்லாத நமக்குப் பெரிதும் பயன்படுவது, அதற்குப் பின் நடந்ததுதான். தொடக்கத்தில் ஒரே வேளையில் 70 முதல் 100 தடவை வரை தூக்கச் சொல்லிவந்த டிலார்ம், 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியபோது, அவ்வளவும் மிகை என்று கண்டு, மூன்று செட்டே போதும் என்றார்: உரிய அளவில் பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து. பலத்தை உண்டாக்குவது நேரத்தின் நீளமன்று, பளுவின் தகுதியும் அதைக் கிரமமாகக் கூட்டிவரும் சிரத்தையுமே என்பதை, வேலையைக் குறைத்துக்காட்டியே அவர் நிரூபித்தார்.

நம் ஊர் ஜிம் ஒன்றில் புதிதாகப் பணம் கட்டிச் சேர்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதற்கு நேர்மாறான உபதேசம். திங்கட்கிழமை மார்பு, செவ்வாய்க்கிழமை முதுகு, புதன்கிழமை தோள் என்று ஆறு நாளையும் அங்கம் அங்கமாகப் பங்கிட்டு, போட்டிக்குத் தயாராகும் வாலிபனுக்கென எழுதப்பட்ட அட்டவணை ஒன்று, கடையை மூடிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வருபவர் கையிலும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவரும் தாயார் கையிலும் அப்படியே கொடுக்கப்படுகிறது. இரண்டு நாள் தவறினால் இரண்டு அங்கங்கள் விடுபடுகின்றன. மூன்றாம் வாரத்தில் மனம் தளர்ந்து, கட்டிய பணம் வீணாகிறது. அந்த மனிதரின் சோம்பலைக் குறை சொல்வது நியாயமன்று. குற்றம் அட்டவணையிலே இருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளில், வயதுவந்தோர் எல்லோரும் உடலின் பிரதான தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது பலப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. நடப்பதும் ஓடுவதும் அதற்குப் புறம்பானவை. அவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆரம்ப நிலையில் இருப்பவர் இந்த இரண்டு நாளிலேயே தாராளமாக முன்னேறலாம். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் சதை பருப்பதால் வருவதன்று. உறங்கிக் கிடந்த தசைநார்களை ஒருங்கே எழுப்ப நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. அதனாலேதான் கண்ணாடியில் யாதொரு மாறுதலும் தென்படாதபோதும், சென்ற மாதம் கனத்த எடை இந்த மாதம் லேசாகிறது. சதை பருப்பது பின்னால் வரும்.

ஆகவே செவ்வாயும் சனியும் என்பதுபோல் நடுவே இரண்டு நாளேனும் இடைவெளி விட்டு இரு தினங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு தினத்திலும் முழு உடலையும் பயிற்ற வேண்டும். இதற்கு நான்கு அசைவுகள் போதும். உட்கார்ந்து எழுவது ஒன்று. ஜிம்மில் ஸ்குவாட் என்பார்கள், நம் பழைய பஸ்கியேதான், டம்பெல் ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு செய்வது. தள்ளுவது ஒன்று, பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளலாம், அல்லது தண்டால் எடுக்கலாம். இழுப்பது ஒன்று, குனிந்து நின்று டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. தரையிலிருந்து தூக்குவது ஒன்று, அதாவது டெட்லிஃப்ட்.

இந்த நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்து பலரும் தவிர்ப்பது இதைத்தான். வீட்டில் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவதும் இதுவே. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து எடுத்து மேடைமேல் வைப்பதும், நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 30 கிலோ கனக்கும் சமையல் வாயு சிலிண்டரை நகர்த்துவதும் டெட்லிஃப்ட் அன்றி வேறென்ன? எடைக்கு வெகு அருகே, அது கணைக்காலின் முன்புறத்தைத் தொடும்படி நின்றுகொள்ள வேண்டும். முதலில் வளைய வேண்டியது முதுகு அன்று; பின்னாலிருக்கும் சுவரைப் பிட்டத்தால் தொடப் போகிறவர்போல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சிறிதே மடக்கி, கழுத்து முதல் இடுப்பு வரை நேராக வைத்துக்கொண்டு, கை எடையை எட்டும்வரை இறங்க வேண்டும். வயிற்றை இறுக்கி, பாதத்தால் பூமியை மிதித்துத் தள்ளி எழுந்தால், இழுப்பு தொடையின் பின்புறத்திலும் பிட்டத்திலும் தெரியும். கீழ்முதுகில் மட்டும் தெரியுமானால் எடை உடலைவிட்டு விலகியிருக்கிறது, அல்லது முதுகு கூனியிருக்கிறது என்று அர்த்தம். எடையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு சுவரருகே நின்று மறுபடி பழகுவது நல்லது.

ஒவ்வொரு அசைவுக்கும் டிலார்மின் கிரமப்படியே பாதி, முக்கால், முழு என்று மூன்று செட். முதல் இரண்டும் உடலைச் சூடாக்கி அசைவை நினைவூட்டுகின்றன; மூன்றாவதுதான் உண்மையான உழைப்பு. இடையிடையே ஒன்றரை அல்லது இரண்டு நிமிஷம் ஓய்வு. ஆக மொத்தம் 12 செட். கைபேசியைப் பையில் வைத்துவிட்டவருக்கு 40 நிமிஷத்தில் முடிந்துவிடும். முழு எடையிலும் மூச்சு அடைத்து முகம் சிவக்கும்வரை போராட வேண்டியதில்லை; இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திக்கொள்வது புதியவருக்கு உசிதம்.

நம் தென்மாவட்டக் கிராமங்களில் மந்தையோரத்தில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல்லை இந்த இடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. வழவழப்பாக உருண்ட அந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாக எறிந்தவன் கல்யாணத்துக்குத் தகுதியானவன் என்று கொண்டாடிய சமூகம், உடல் வலிமையை எவ்வளவு மதித்தது என்பதை எண்ணினால் உள்ளம் பெருமிதம் கொள்கிறது. எனினும் அந்தக் கல்லுக்கு ஒரே எடைதான். அது பலத்தைச் சோதிக்குமே தவிர, பலமில்லாதவனைப் பழக்கி உயர்த்தாது. தண்டாலும் வெறுங்கைப் பஸ்கியும் அப்படியே, ஓரளவுக்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டலாமே அன்றிப் பளுவைக் கூட்ட முடியாது. ஒன்றேகால் கிலோ இரும்புத் தட்டுக்கு உள்ள மகிமை இங்கேதான். பார்பெல்லின் இரு முனையிலும் ஒவ்வொன்று கோத்தால் இரண்டரை கிலோ; பலவீனரும் ஏறக்கூடிய படி அது.

ஏறும் முறை இது. மூன்றாவதான முழுச் செட்டில், எட்டுத் தடவை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, ஒவ்வொரு தினத்திலும் முடிந்தால் ஒரு தடவை கூட்டி, பன்னிரண்டை எட்டியதும் எடையை ஒரு படி உயர்த்தி, மறுபடி எட்டிலிருந்து வர வேண்டும். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு அவசியம். தேதி, அசைவு, எடை, எண்ணிக்கை, இவ்வளவே எழுத வேண்டியது. ஞாபகத்தை நம்புகிறவர் மூன்று மாதமாக ஒரே டம்பெல்லைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

முதல் வாரத்தில், பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கத் தொடை வலிக்கும். அது சதையின் வலி, தானே தணியும். மூட்டுக்குள் குத்தும் வலியும், கால்வழியே மின்சாரம்போல் ஓடும் வலியும் வேறு ஜாதி. அவற்றைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. ரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். யாராயினும் தூக்கும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது.

பெண்கள் பளு தூக்கினால் ஆண் தோற்றம் வந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. அவ்வளவு சதையை உண்டாக்கும் ஹார்மோன் அவர்கள் உடலில் சொற்பமே. எலும்பு தேயும் வயதை நோக்கிச் செல்லும் அவர்களுக்கே இந்தப் பயிற்சி அதிகம் தேவை. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் இடம் தசையே என்பதை, நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நம் நாட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வயதாகிவிட்டதே என்று தயங்குவோருக்கும் ஒரு செய்தி: 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு டாக்டர் மரியா ஃபியாதரோனியும் அவருடைய சகாக்களும் எட்டு வாரம் பளுப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது.

உணவில் மாற்ற வேண்டியது அதிகமில்லை, புரதத்தைத் தவிர. இட்லியும் சட்டினியும், சோறும் ரசமும் என்று கழியும் நாளில் அது போதாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம் இருக்கிறது. சுண்டல், பருப்பு, தயிர், மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இலையில் இருக்கட்டும். டப்பாவில் விற்கும் பொடி இல்லாமலே காரியம் நடக்கும்.

வீட்டில் கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை, ஆபீஸில் வருஷக்கடைசிக் கணக்கு என்று இந்த இரண்டு நாளுக்கும் பங்கம் வரும் காலம் நிச்சயம் வரும். அமெரிக்காவின் அலபாமாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பதினாறு வாரம் வாரத்துக்கு மூன்று நாள் பயின்றவர்களில் பலர், பிறகு 32 வாரம் வாரத்துக்கு ஒரே நாளாகவும், சிலர் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்துக்கொண்டார்கள். இளையோருக்கு அந்தச் சிறு பங்கே அடைந்த சதையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அறுபதைக் கடந்தோருக்குச் சதை சற்று இளைத்தாலும் பலம் பெரும்பாலும் நின்றது. ஆகையால் நெருக்கடியான மாதத்தில் பயிற்சியை முற்றிலும் கைவிடாமல், ஒரே நாள், அசைவுக்கு ஒரே முழுச் செட் என்று சுருக்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாமல் மூன்று வாரம் போய்விட்டால், விட்ட எடையில் முக்கால் பங்கிலிருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்து சேரலாம்.