உருண்டையின் மேல் விழுந்த பழி

சென்ற வாரம் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரையில் ஹன்டிங்டன் நோய் பீடித்த குடும்பங்களைப் பார்த்தோம். ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லர் 1979-இல் முதன்முறையாக அங்கே போனார். பிறகு அவருடைய குழு ஆண்டுதோறும் போய்ச் சேர்த்த ரத்த மாதிரிகளும் வம்சாவளிப் படங்களும்தான் 1993-இல் ஹன்டிங்டன் நோயின் மரபணுவைப் பிடிக்க வழிகாட்டின. நான்காம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவில் 'சி-ஏ-ஜி' என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலோருக்கு இருபது தடவைக்குச் சற்று முன்பின். நாற்பதைத் தொட்டுவிட்டால், முழு ஆயுள் வாழ்கிறவருக்கு நோய் வந்தே தீரும்.

சில எழுத்துகள் கூடியதற்காக ஒருவர் நடுவயதில் ஏன் நடை தள்ளாட வேண்டும்? கைகால் ஏன் தன் போக்கில் ஆட வேண்டும்? பேச்சு போய், கடைசியில் ஒரு வாய்ச் சோறு விழுங்கவும் முடியாமல் ஏன் சாக வேண்டும்?

ஒவ்வொரு சி-ஏ-ஜி-யும் புரதத்தில் ஒரு குளூட்டமினைச் சேர்க்கும். எழுத்து நீண்டால் ஹன்டிங்டின் என்ற அந்தப் புரதத்தின் குளூட்டமின் வாலும் நீளும். நீண்ட வால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல்லின் கழிவகற்றும் அமைப்பான புரோட்டியசோமால் அவற்றை எளிதில் சிதைக்க முடியாது. 1997-இல் லண்டனில் கில்லியன் பேட்ஸின் குழு, நோய் மரபணு ஏற்றப்பட்ட எலிகளின் மூளை செல்களில், உட்கருவுக்குள்ளேயே இந்தப் புரதம் உருண்டையாகத் திரண்டு கிடப்பதைக் கண்டது. இறந்த நோயாளிகளின் மூளையிலும் அதே ஆண்டில் அந்த உருண்டைகள் தென்பட்டன. உருண்டை இருக்கிறது, செல் செத்திருக்கிறது. ஆகவே உருண்டைதான் கொன்றது என்று பலரும் முடிவுகட்டினார்கள். உருண்டையைக் கரைக்கும் மருந்தைத் தேடும் வேலை தொடங்கியது.

ஆனால் இறந்த மூளையை வைத்துப் பார்த்தால், எது முன், எது பின் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உயிரோடிருக்கும் ஒரே செல்லை நாள்தோறும் பார்த்தாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் ஃபிங்க்பெய்னரின் ஆய்வகம் அதற்கென்றே தானியங்கி நுண்ணோக்கி ஒன்றை அமைத்தது. தட்டில் வளர்த்த எலி நியூரான்களுக்குள் ஒளிரும் ஹன்டிங்டினைச் செலுத்தினார்கள். நுண்ணோக்கி அதே நியூரானிடம் மீண்டும் மீண்டும் திரும்பி வந்து படமெடுத்தது. எந்த செல்லில் எப்போது உருண்டை தோன்றியது, எது எப்போது செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தார்கள். ஒரு வட்டாரத்தில் எந்த வயதினர் எதனால் சாகிறார்கள் என்று கணிக்கும் புள்ளியியல் முறையைச் செல்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

2004-இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. உருண்டையே உருவாகாமல் ஏராளமான நியூரான்கள் செத்திருந்தன. உருண்டை உருவான நியூரான்களோ கூடுதல் காலம் வாழ்ந்தன! உருண்டை தோன்றியதும் செல்லின் மற்ற இடங்களில் பரவிக் கிடந்த புரதத்தின் அளவு குறைந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளை யார் காலிலும் குத்தாதபடி ஒரு மூலையில் கூட்டிவைப்பது போல, செல் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது.

இந்த ஒரு ஆய்வு இந்தத் துறையின் பார்வையையே திருப்பியது என்று நான் நினைக்கிறேன். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை நோக்கி மருந்தை ஏவினால், செல்லின் தற்காப்பையே நாம் கலைத்துவிடக்கூடும். தீங்கின் பெரும்பங்கு, ஒன்றிரண்டாக ஒட்டிக்கொண்டு திரியும் சின்னஞ்சிறு கூட்டங்களிடம் இருப்பதாகச் சந்தேகம் திரும்பியது. மரபணுக்களை இயக்கும் புரதங்களை முடக்குவது, மைட்டோகாண்ட்ரியாவைத் தளர்த்துவது, நரம்பிழை நெடுகப் பொருள்கள் போய்வருவதைத் தடுப்பது என்று அவற்றின் சேதம் பலவகை.

அதற்காக உருண்டையை முழு நிரபராதி என்றும் விட்டுவிட முடியாது. 2017-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் செல்லை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டையின் இழைகள் செல்லின் உட்சவ்வுகளை உருக்குலைப்பது தெரிந்தது. எது எந்தக் கட்டத்தில் எவ்வளவு கெடுக்கிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இன்னொரு கேள்வியும் என்னை விடாமல் துரத்தியது. பிறக்கும்போதே இருக்கும் மரபணு நாற்பது வயதுவரை ஏன் காத்திருக்கிறது? 2025-இல் ஸ்டீவன் மெக்காரலின் பாஸ்டன் குழு ஒரு விடை தந்தது. மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்தின் நியூரான்களில், நாற்பதுசொச்சமாக இருந்த சி-ஏ-ஜி வாழ்நாள் முழுக்க மெல்ல நீண்டுகொண்டே போகிறது. ஏறத்தாழ 150-ஐத் தாண்டும்வரை அந்த செல்லுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. தாண்டிய பிறகு சீரழிவு விரைவு. ஒவ்வொரு செல்லும் அந்த எல்லையைத் தனித்தனிக் காலத்தில் கடக்கிறது.

அப்படியானால் புரதம் ஒட்டிக்கொள்ளும் முன்பே, எழுத்து நீள்வதையே நிறுத்த முடியுமா? டி.என்.ஏ.-வைப் பழுதுபார்க்கும் எம்.எஸ்.எச்.3 என்ற புரதம்தான் அந்த நீட்சிக்குத் துணைபோகிறது. அதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)