முத்தும் மூலக்கூறும்

‘அரி’ என்னும் வினையடிக்கு நீர் கரையைத் தின்று செல்லுதல் ஒரு பொருள். நீரிலிட்டு அலசி வேண்டியதை வேறாக்குதல் மற்றொரு பொருள். மன்னார்ப் பெருநிலக் கரையிலே, அருவியாற்று முகத்துக்குத் தெற்கே கிடக்கும் அரிப்பு என்னும் ஊருக்கு இவ்விரு பொருளும் பொருந்தும். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில் இங்கே கட்டுவித்த மாளிகையைக் கடல் அரித்தது. இன்று சில சுவர்களும் செங்கற் குவியல்களுமே எஞ்சியுள. அம்மாளிகை எழுந்ததற்குக் காரணமான முத்துக்குளிப்போ மற்றை அரிப்பினால் நடந்தது. கரை சேர்ந்த சிப்பியைக் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்களிற் குவித்து, நாட்கணக்காக அழுக விடுவர். தசை அழுகிப் புழு தின்று மிஞ்சியதைத் தோணிகளில் நீர் நிறைத்து அலசுவர். அடியில் முத்துத் தங்கும். அந்நாளில் இக்கரையின் நாற்றம் காததூரம் சென்றது என்பர். முத்துமாலை அணிந்த சீமாட்டிகள் அதனை அறிந்திலர்.

தசை அழிந்தது, முத்து அழியவில்லை. ஏன்? இக்கேள்வியை ஒரு துறை மாத்திரம் தனித்து விடுவிக்க இயலாது. முத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, கல்சியங் காபனேற்று. அஃது இரசாயனவியலுக்கு உரியது. எஞ்சிய சிறுபகுதியிற் பெரும்பாலும் புரதங்களும் அவை போன்ற சேதனப் பொருள்களும். அவை உயிர்இரசாயனவியலுக்கு உரியன. இவ்விரு பாடங்களையும் பல்கலைக்கழகமொன்றில் ஒருசேரப் படிக்கின்ற இவ்வூர் மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் என்னிடம் வந்து போவாள். என்னிடம் விஞ்ஞானம் கேட்க யாரும் வருவதில்லை. அவள் கேட்க வந்தது சொற்களை.

முதலில் பொருளைச் சொல்லிப் பின் சொல்லுக்கு வருகிறேன்.

வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை அறியாதார் இலர். சிப்பியைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட்டால் காபனீரொட்சைட்டு நீங்கி நீறு எஞ்சும். நீற்றில் நீர் வார்க்க, அது கொதித்துப் பூத்துச் சுண்ணாம்பாகும். அதன் தெளிந்த நீரிலே குழாய் வைத்து மூச்சை ஊதினால் பால்போல் வெண்மையாகும். சூளையில் இழந்ததை மூச்சிலிருந்து மீட்டுப் பழைய பொருளாகவே படிகிறது. நோர்த்தின் மாளிகைச் சுவர்களும் சிப்பியைச் சுட்டு ஆக்கிய சாந்தினாற் பளிங்குபோல் மெழுகப்பட்டிருந்தன என்பது பழைய பயணக் குறிப்புக்களால் தெரிகிறது. எகிப்தின் அரசி கிளியோபாத்திரா முத்தொன்றைப் புளித்த காடியிற் கரைத்துக் குடித்தாள் என்று உரோமாபுரிப் பிளினி எழுதிய கதையும் இவ்விரசாயனமே. ஆனால் முழுமுத்து அத்தனை விரைவிற் கரையாது. பொடித்திட்டால் நுரைத்துக் கரையும். அரசி பொடித்தாளா என்பதைப் பிளினி சொல்லவில்லை!

வியப்பு இனித்தான் இருக்கிறது. சூளை 900 பாகையிற் பிரித்ததைச் சிப்பி குளிர்ந்த கடல்நீரிலிருந்து கட்டுகிறது. அதற்கு அது நொதியத்தைத் துணைகொள்கிறது. 1996இல் யப்பானிய அறிஞர் முத்துச்சிப்பியின் உட்படையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் ஒரு கூறு, நம் செங்குருதிக் கலங்களிலே 1933இற் கண்டறியப்பட்ட காபோனிக் அனைதரேசு என்னும் நொதியத்தின் இனமாயிருந்தது. காபனீரொட்சைட்டை நீரோடு சேர்த்து இருகாபனேற்றாக்குவது அதன் தொழில். நம் உடலிலுள்ள அதன் விரைந்த வகையின் மூலக்கூறு ஒன்று, ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை அத்தொழிலைச் செய்யவல்லது. குளிப்பவன் மூச்சடக்கிக் கீழே சென்றபோது அவன் குருதியில் எது உழைத்ததோ, அதன் உறவினமே அவன் தேடிப்போன சிப்பியிலும் உழைத்தது.

சிப்பியின் வெளிப்படையிலும் உட்படையிலும் உள்ளது ஒரே கல்சியங் காபனேற்றுத்தான், பளிங்கமைப்புத்தான் வேறு. வெளியே கல்சைற்று, உள்ளே, முத்திற் போல, அரகனைற்று. இயற்சீர் கொண்டே வெண்பாவும் யாக்கலாம், ஆசிரியமும் யாக்கலாம். தளை வேறு, ஆகவே ஓசை வேறு. தமிழாசிரியனுக்கு இவ்வுவமை போதும். அரகனைற்றுத் தகடுகள் ஒளியலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க மென்மையுடையன. புரதப் படலங்களின் இடையே அடுக்கடுக்காய் அமைவன. அவ்வடுக்குகளிற் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதே முத்தின் நீரோட்டம்.

மழைத்துளி சிப்பியுள் வீழ்ந்து முத்தாகும் என்பது புலவர் மரபு. 1902இல் இங்கிலாந்திலிருந்து இக்கடலை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், நாடாப்புழுவின் இளம்பருவமே முத்தின் கரு என்றார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக இலண்டன் வேத்தியற் கழகம் வெளியிட்ட அவர் அறிக்கையை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகின்றனர். நாடாப்புழுக் கொள்கையை மாத்திரம் விட்டுவிட்டனர். சிப்பியின் மென்மூடியிலுள்ள மேலணிக் கலங்கள் இடம்பெயர்ந்து உள்ளே ஒரு பையாய் வளர, அப்பைக்குள் முத்து விளைகிறது என்பதே இன்றைய முடிபு. அறிக்கை முற்றுப்பெற்ற 1906இலேயே இலண்டன் வணிகக் குழுவொன்று முத்துச்சலாபத்தை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிற் சிப்பி அற்றது. குத்தகையும் நட்டத்தில் முடிந்தது.

இனிச் சொல். இம்மாணவி க.பொ.த. உயர்தரம் வரை இரசாயனவியலைத் தமிழிலே கற்றவள். விஞ்ஞானத் துறைகளில் பல்கலைக்கழக அனுமதி நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமையாலும், 55 மாவட்டத் திறமையாலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகுக்கப்படுகிறது. மன்னார் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆய்வுகூடத்துக்கு வழியற்ற பள்ளிப் பிள்ளைக்கு அது நியாயமே. ஆனால் வாயில் திறக்கும் அவ்வொழுங்கு, உள்ளே நடக்கும் மொழியைப் பற்றி ஒன்றும் செய்வதில்லை. விஞ்ஞான பீடங்களிலே விரிவுரை ஆங்கிலத்தில். முதலாண்டின் முதற் செய்முறை வகுப்பில் ‘தைற்றிரேசன்’ என்ற சொல் காதில் விழ, இவள் திகைத்து நின்றாளாம். அளவியும் குழாயியும் கூம்புக் குடுவையும் மேசைமேல் இருக்கக் கண்டபின்தான் அது பள்ளியில் தான் பலமுறை செய்த நியமிப்பு என்று விளங்கிற்று.

“ஐயா, சாமான் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச சாமான்தான். பேர்தான் தெரியாமற் போச்சு. ஒண்டும் தெரியாதவள் எண்டு நானே என்னை நினைச்சன்” என்றாள்.

அவ்வாண்டின் நடுவிற் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பவும் எண்ணினாள். தந்தையார் கடற்றொழில் செய்பவர். “போன பிள்ளை படிச்சுக்கொண்டுதான் வரவேணும்” என்று அவர் ஒரே சொல்லிற் சொல்லிவிட்டார்.

இக்கதையைக் கேட்டு, ‘பார்த்தீர்களா, தமிழிற் படிப்பித்ததால் வந்த வினை’ என்பாருண்டு. அவர்களோடு நான் உடன்படேன். நியமிப்பு என்றாலென்ன என்பதை அப்பிள்ளை தமிழில் ஐயமறக் கற்றிருந்தபடியாற்றான், ஒரு பெயரைக் கற்றவுடன் முழுப்பொருளும் கைவந்தது. பொருளையும் பெயரையும் ஒருங்கே அயல்மொழியிற் கற்கவேண்டியிருந்தால் அவள் கதி என்ன? குறை தமிழில் இல்லை. இரு கரைக்கும் நடுவே பாலமின்மையே குறை. பள்ளி ஆசிரியர் கலைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டி எவ்வளவு செலவாகும்?

பாலம் இட்டவர் முன்னே இருந்திருக்கின்றனர். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியக் கல்வியை முதலில் ஆங்கிலத்திலும் 1864 முதல் தமிழிலும் நடத்தினார். அம்முயற்சியில் எழுந்த நூல்களுள் ஒன்று 1875இல் அச்சேறிய ‘கெமிஸ்தம்’. ‘இரசாயனம்’ என்ற சொல் கையிலிருக்கவும் ஏன் அப்பெயர்? நம் வைத்திய வழக்கில் இரசாயனம் காயகற்பத்தையும் இரசமருந்தையும் குறித்து வந்தது. புதிய கலையைப் பழைய மருந்தென்று மாணவர் மயங்கலாகாது எனக் கருதினர் போலும். பிற்காலத்தில் அச்சொல்லே இலங்கையிற் பாடப்பெயராய் நிலைத்தது. தமிழ்நாட்டார் வேதியியல் என்றனர். நாம் ஒட்சிசன் என, அவர்கள் ஆக்சிஜன் என்கின்றனர். ஒரே மொழியில் ஒரே வாயுவுக்கு இரண்டு பெயர் கிடப்பது ஆங்கிலத்தை விடப் பெரிய இடர் என்பது என் எண்ணம்.

இம்மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில். அவள் கொப்பியில் மூன்று நிரல்கள்: ஆங்கிலச் சொல், பள்ளித் தமிழ்ச் சொல், பொருள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்காகப் படியெடுத்துக் கொடுக்கிறாள். உயிர்இரசாயனப் பகுதியில் நடுநிரல் பல இடங்களில் வெறுமை. அவ்வெறுமைக்கே என்னிடம் வருகிறாள். சென்ற முறை கொணர்ந்தது முத்தின் சேதனப் பொருளுக்கு வழங்கும் ‘கொன்கியோலின்’ என்ற பெயர். அதன் அடியான கிரேக்கச் சொல்லும் நம் சங்குக்கு மூலமான வடசொல் சங்கமும் ஓரினத்தன என்றேன், மகிழ்ந்தாள். ‘சங்குப்புரதம்’ எனலாமா என்று அவளே கேட்டாள். சங்கு வேறு, சிப்பி வேறு. இக்கரைப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்றேன். ‘சிப்பிப்புரதம்’ என்றால், அது ஒரு புரதமன்று, பலவற்றின் தொகுதி என்கிறாள். நடுநிரலிற் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.