அஞ்செயும் தபாலும்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம், "தாத்தா, பெங்களூரில் முதல் போஸ்ட் ஆபீஸ் எது?" என்று கேட்டான். பள்ளியில் ஏதோ பிராஜெக்டாம். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. ஏனென்றால் இந்த ஊரில் ஒரு காலத்தில் தபால் இரண்டு.

பேட்டைப் பக்கம் மைசூர் அரசரின் அஞ்செ. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சிக்கதேவராஜ உடையார் ஏற்படுத்தியது. கடிதம் சுமந்தவர்களும் அதிகாரிகளும் அரசருக்கு ஒற்றர்களாகவும் இருந்தார்கள். ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதும் அஞ்செயிலேயே போய்ச் சேர்ந்துவிடும்! நம் 'அஞ்சல்' என்ற சொல்லுக்கு இது நெருங்கிய உறவு. கன்னடத்தில் இன்றும் போஸ்ட் ஆபீசுக்கு 'அஞ்செ கச்சேரி' என்றுதான் பெயர்.

இன்னொன்று தண்டுப் பக்கம். 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபோது சென்னைப் பட்டாளத்தோடு நம்மவர்களும் வந்தார்கள்: சிப்பாய்கள், கொத்தனார்கள், தோட்டக்காரர்கள், சில்லறை வியாபாரிகள். அங்கே நடந்தது கும்பெனித் தபால். 1889இல்தான் மைசூர் அஞ்செ இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது.

ஆனால் அல்சூரில் குடிசை போட்ட கொத்தனாருக்கு ஆரம்பத்தில் இரண்டும் எட்டாதவைதான். கும்பெனித் தபாலில் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் கூடும். 1854இல்தான், கால் தோலா எடைக்குள் இருந்தால் எவ்வளவு தூரமானாலும் அரையணா என்று ஆக்கினார்கள்.

அடுத்தது ரயில். இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்குப் பாதை திறந்தது. சுமார் 140 கிலோமீட்டர். அதற்குள் ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டும். பச்சூர்ப் பக்கத்து ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதை நானே எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். அதுவரை அந்த மேட்டைத் தபால் மூட்டையோடு ஆள் மாற்றி ஆள் ஓடித்தான் கடந்தார்கள். ரயில் வந்தபின் சென்னைக் கடிதம் ஒரே இரவில் வரத் தொடங்கியது.

என்னைக் கேட்டால், நம்மவர்களுக்குத் தபால் உண்மையில் பிறந்தது 1880இல், தபால் இலாகா மணியார்டரை ஏற்றபோதுதான். என் தாத்தா தண்டில் கொத்து வேலை செய்தார். பாட்டி ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில். மாதம் ஐந்து ரூபாய் வரும். பாட்டி கைநாட்டு, கூப்பனில் உள்ள இரண்டு வரியைத் தபால்காரர்தான் படித்துச் சொல்வார். படித்த பிறகு கூப்பனைக் கம்பியில் குத்தி மாட்டிவிடுவாள்.

ஒரு மாதம் பணம் சரியாக வந்தது. "நலம்" என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் பாட்டி பழைய கூப்பனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்தின் சாய்வு வேறு. அன்று மாலையே குழந்தைகளோடு ரயில் ஏறிவிட்டாள். தாத்தா சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்து படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுதி, கடன் வாங்கி அனுப்பிய பணம் அது.

பாட்டி ஊருக்குத் திரும்பவில்லை. நாங்கள் பெங்களூர்க்காரர்கள் ஆனது அப்படித்தான்.

அந்தக் கூப்பன்களில் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன. பையன் ஜெராக்ஸ் எடுத்துப் போயிருக்கிறான்.