பிள்ளைகளின் மனமும் பூட்டிய பெட்டியும்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறார். அறுந்த இழையை அவர் வைவதில்லை. திருமலையிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெய்யும் நம் குடும்பங்களில், பிள்ளைகளின் மனம் நலிவுறும்போது மாத்திரம் இந்தப் பொறுமையை நாம் காட்டுவதில்லை.

பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி என்கிறான் பையன். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. ஆகவே பொய் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். வலி பொய்யன்று, அச்சம் மிகுந்த மனம் உடலின் வாயிலாகப் பேசுகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், இரவில் உறங்குவதில்லை, தார் சுற்றும் கை பாதியில் ஓய்ந்துவிடுகிறது. இதனை வயதுக் கொழுப்பு என்போர் உண்டு. வளரிளம் பருவத்து மனச்சோர்வு கண்ணீராக வராமல் சினமாக வருவதும் உண்டு என்பதை அவர்கள் அறியார். திருஷ்டி கழிப்பதை நாம் குறை கூறவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலும் இந்நிலை நீடிக்குமானால், அத்துடன் நின்றுவிடுதல் தகாது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு காணப்பட்டது. அக்கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். பூச்சிமருந்தை வீட்டுப் பரணில் வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் சிறிது பொழுதே வேகத்துடன் நிற்பது. அப்பொழுதில் மருந்து கைக்கெட்டாவிடில் பிள்ளை பிழைக்கும். சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பூப் பயிரிடும் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு அமைத்து, ஒவ்வொரு குடியானவருக்கும் பூட்டுள்ள தனிப்பெட்டி அளித்தனர். அங்கு பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்தன என்று 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பெட்டியும் சாவியும் பொதுவிடமும் வேண்டிய இவ்வேலை, கூட்டுறவுச் சங்கத்துக்கன்றி வேறு யாருக்குப் பொருந்தும்?

“சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று பிள்ளையிடம் கேட்கப் பெற்றோர் அஞ்சுகின்றனர். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. கேட்டவரிடம் மனம் திறக்கவே வழி பிறக்கிறது. ‘ஆம்’ என்று விடை வருமாயின் பிள்ளையைத் தனியே விடலாகாது. அன்றே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். பேச்சு முறைச் சிகிச்சையிலேயே தேறும் பிள்ளைகள் பலர். சிலருக்கே மாத்திரை தேவைப்படும். மணம் பேசும்போது ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கவலை நாம் அறியாததன்று. எனினும் அக்கவலைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட இயலாது.

சங்கக் கிடங்கின் வடபுறத்து அறை காலியாகவே கிடக்கிறது. பெட்டிகளுக்கு அதனை ஒதுக்கும் யோசனையை அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவர இருக்கிறோம். அங்கத்தினர்கள் குடும்பத்துடன் வரவேண்டுகிறோம்.