சடுகுடுவும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ்

மாலையில் டல்ஹௌசி சதுக்கத்து ஆபீஸ்கள் விட்டதும் பாபுகாட் படகுத்துறையை நோக்கி நடக்கும் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு. ஹைகோர்ட்டையும் ஆகாசவாணிக் கட்டடத்தையும் கடந்தால், ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் அருகே பெரிய கூரையுடன் ஒரு கட்டடம் நிற்கும். தினமும் பார்த்துப் பழகிவிட்டதால் பலர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நேதாஜி உள்விளையாட்டரங்கம் என்ற அந்த மண்டபத்தின் கதையில் தமிழருக்கும் பங்கு உண்டு.

பந்துக்காக எழுந்த கூரை

1975-ம் ஆண்டு பிப்ரவரியில் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன் போட்டி இந்நகரில் நடந்தது. அதற்காகவே இந்த அரங்கம் எழுந்தது. சித்தார்த்த சங்கர் ராய் அப்போது மாநில முதல்வர். 1952-ல் பம்பாயில் நடந்த பிறகு இந்தப் போட்டி இந்தியாவுக்கு வந்தது அது இரண்டாவது முறை.

டேபிள் டென்னிஸுக்குக் கூரை அவசியம். அன்றைய பந்தின் எடை சுமார் இரண்டரை கிராம்தான். லேசான காற்று வீசினாலும் அதன் போக்கு மாறிவிடும். கங்கைக் காற்று வீசும் திறந்த மைதானத்தில் அந்த ஆட்டத்தை நடத்துவது நடவாத காரியம். ஆகவே சுமார் 12,000 பேர் அமரக்கூடிய மூடிய அரங்கம் கட்டப்பட்டது. டில்லியின் இந்திரா காந்தி உள்ளரங்கம் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித்தான் வந்தது. அந்த வகையில் கல்கத்தா தலைநகரை முந்திக்கொண்டது.

அந்தப் போட்டியில் ஹங்கேரியின் இஷ்ட்வான் யோனியர் ஆடவர் ஒற்றையர் பட்டத்தையும், வட கொரியாவின் பாக் யுங் சுன் மகளிர் பட்டத்தையும் வென்றனர். ஆடவர், மகளிர் குழுப் பட்டங்கள் இரண்டும் சீனாவுக்குப் போயின.

ஒரே தளம், பல வேஷம்

போட்டி முடிந்ததும் பூட்டி வைக்கும் கட்டடமாக இது ஆகிவிடவில்லை. டேபிள் டென்னிஸ் மேஜையின் நீளம் ஒன்பதடி; கூடைப்பந்துத் தளமோ 28 மீட்டர். மேஜைகளை அகற்றிவிட்டால் அதே இடம் வேறு ஆட்டத்துக்குத் தயார். 1981-ல் ஆசியக் கூடைப்பந்துப் போட்டி இங்கே நடந்து, சீனா வென்றது. 2005 முதல் மூன்றாண்டுகள் மகளிர் சர்வதேச டென்னிஸ் நடந்தது. 2006-ல் மார்ட்டினா ஹிங்கிஸ் பட்டம் பெற்றார்.

பிறகு சடுகுடு வந்தது. புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது பெங்கால் வாரியர்ஸ் அணிக்கு இதுவே சொந்தக் களமாயிற்று. ஊர்ப் பொட்டலில் புழுதி பறக்க மூச்சுப் பிடித்து ஆடிய ஆட்டம், மின்விளக்கு வெள்ளத்தில் மெத்தை விரித்த தளத்தில் நடந்தது. 2017 முதல் தமிழ் தலைவாஸ் அணியும் லீகில் உண்டு.

சினிமா ரசிகர்களுக்கும் இது தெரிந்த இடமே. 2011-க்குப் பின் பல ஆண்டுகள் கொல்கத்தா சர்வதேசத் திரைப்பட விழா இங்கேதான் தொடங்கியது. 2013 விழாவில் கமல்ஹாசன் விருந்தினராகக் கலந்துகொண்டார். அவர் வங்காளத்துக்குப் புதியவர் அல்ல. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ 1977-ல் ‘கபிதா’ என்று வங்க மொழியில் வந்தபோது அதில் நடித்தவர் அவர்.

பெயரில் இருக்கும் உறவு

ஆட்டங்களையும் விழாக்களையும் விட நமக்கு நெருக்கமானது வாசலில் உள்ள பெயர். வங்காளிகளுக்கு நேதாஜி 1930-ல் இந்நகரின் மேயராக இருந்தவர். 1941-ல் எல்ஜின் ரோடு வீட்டுக் காவலிலிருந்து தப்பிச் சென்றவர். தமிழர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு வழியாகவும் வந்து சேர்கிறது.

1943-ல் அவர் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பெருந்திரளாக வந்து சேர்ந்தவர்கள் தமிழ்க் கூலித் தொழிலாளிகள். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள்; தாய்நாட்டையே பார்த்திராதவர்களும் அவர்களில் பலர். மகளிருக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே. அப்படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி 1914-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். 2012-ல் கான்பூரில் மறைந்தார்.

ஊர் விட்டு ஊர் வந்து சம்பாதிப்பவனை, வந்த இடத்தில் அந்நியன் என்று சொல்வார்கள். சொந்த ஊரில் போனவன் என்பார்கள். அத்தோட்டத் தொழிலாளிகளுக்கும் அதே நிலைதான். ஆனாலும் ஒரு வங்காளியின் அழைப்பைக் கேட்டு அவர்கள் மொழி பார்க்காமல் எழுந்தார்கள். அவர்களில் பலர் பர்மாக் காடுகளிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் பெயர்கள் எந்த வாசலிலும் எழுதப்படவில்லை. தலைவர் பெயர் மட்டும் ஹூக்ளிக் கரையில் பெரிய எழுத்தில் நிற்கிறது.

லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வங்க மொழியைத் தடுமாறாமல் பேசுகிறார்கள். அடுத்த முறை அவர்களைக் கபடிக்கோ கச்சேரிக்கோ அங்கே அழைத்துச் செல்லும் பெரியவர்கள், உள்ளே நுழையுமுன் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு அங்கேயே செரித்துவிடும்.