கடாரத்து மண்ணும் பொன் தேடும் கருவியும்

சென்ற வாரம் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுத்திய கடாரத்துச் சரித்திரத்தை இவ்வாரம் சற்று உள்நாட்டுப் பக்கமாக, ஜெராய் மலையின் அடிவாரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம், அலோர் ஸ்டாரில் என்னைச் சந்தித்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் அவர், மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் ஒலியெழுப்பும் 'மெட்டல் டிடெக்டர்' ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறார். "விடுமுறையில் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன் ஐயா, கையகலக் குழிதானே தோண்டப் போகிறேன், அதில் என்ன தப்பு?" என்று கேட்டார்.

அவர் மனத்தில் கபடமில்லை. இன்றைய கெடாவைக் குறிக்கும் கடாரம் என்ற பெயரோடு பொன் என்ற எண்ணமும் சேர்ந்தே வருவது நம்மவர்க்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். கடாரத்தரசரின் பிரதிநிதி ஒருவர் நாகப்பட்டினத்துக் காரோணம் கோயிலுக்குச் 'சீனக்கனகம்' அளித்ததை முதலாம் இராஜேந்திரர் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அதே இராஜேந்திரரின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்ததையும் நாம் அறிவோம். இத்தகைய பூமியில் ஒரு பொற்காசாவது அகப்படாதா என்று ஓர் இளைஞர் ஆசைப்படுவதில் வியப்பென்ன?

பொன் அகப்பட்டதும் உண்டு. 1936, 37-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் குவாரிச் வேல்ஸ் பூஜாங்கில் அகழ்ந்து கண்ட புக்கிட் பத்து பஹாட் சண்டியை, அதாவது பழங்கோயிலை, 1959, 60-இல் அலஸ்டேர் லாம்ப் சீர்படுத்தியபோது, அஸ்திவாரத்தில் புதைத்திருந்த கற்பேழைகள் வெளிப்பட்டன. கோயில் எழுப்பியவர்கள் பொன்னையும் வெள்ளியையும் மணிகளையும் சிறு சிறு துணுக்குகளாக அவற்றுள் வைத்திருந்தார்கள். எடைபோட்டுப் பார்த்தால் தட்டான் கடையில் பெரிதாக விலை போகாத பொன் அது. எந்தப் பேழையில், எந்தக் குழியில், எதன் பக்கத்தில் அது இருந்தது என்பதை ஆராய்ச்சியாளர் குறித்து வைத்ததால்தான், அஸ்திவாரத்தில் பொருள் வைக்கும் பாரத தேசத்துக் கர்ப்பந்யாசச் சடங்கோடு ஒப்பிடத்தக்க ஒரு வழக்கம் இந்த மலையடிவாரத்திலும் நிலவியது என்று நாம் அறிகிறோம். அத்துணுக்கை ஒருவர் கிள்ளியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பாரானால், அது வெறும் பொன்னாகிவிடும்; அது பேச வேண்டிய பேச்சு அந்தக் கணமே நின்றுபோகும்.

இதே பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பத்துவின் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அங்கே தோண்டி வெளிப்படுத்தியது பொன்னன்று; இரும்பு உருக்கிய உலைகளும், அவற்றுக்குக் காற்றூதிய களிமண் குழாய்களும், குவியல் குவியலான இரும்புக் கசடும். அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் தீரவில்லை; ஆயினும் இங்கே பெருந்தொழில் ஒன்று நடந்தது என்பதற்கு அந்தக் கசடே சாட்சி. உலோகம் காட்டும் கருவியோ இரும்புத் துண்டுக்கும் கூவும், பொன்னுக்கும் கூவும். பொன்னென்று நினைத்துத் தோண்டுகிறவர் கசடைக் கண்டதும் அலுத்துக்கொண்டு தூர எறிவார். எறிந்த அந்தக் கட்டிதான் இப்பள்ளத்தாக்கின் உண்மையான பொக்கிஷம். இளைஞ நண்பரிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்திலும் விடை உண்டு. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், பழம்பொருளைத் தேடி அனுமதியின்றி மண்ணைத் தோண்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தற்செயலாகக் கண்டெடுத்தவரும் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அமெரிக்க ஐக்கிய நாட்டினர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தேசியப் பூங்காக்களில் உலோகம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவதை மட்டுமன்றி, வைத்திருப்பதையே தடுத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் பொன் தேடும் வழக்கம் வேரூன்றிய தேசம் அது. ஆகவே கலிபோர்னியாவின் விஸ்கிடவுன் பூங்காப் பகுதியில், அனுமதிச்சீட்டு பெற்றவர் கைத்தட்டால் ஆற்றுமணலை அரித்துப் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் பஹாங் மாநிலத்து ரவூப் பக்கத்தில் மலாய்க்காரர் 'டூலாங்' என்று வழங்கும் மரத்தட்டுக்கு ஒப்பானது அது. ஆற்றின் அடிமண்ணை உறிஞ்சியெடுக்கும் யந்திரங்களையோ அதே கலிபோர்னியா 2009-இல் நிறுத்தி வைத்தது. மீன் முட்டைகள் அழிவதும், பழைய சுரங்கத் தொழில் விட்டுச்சென்ற பாதரசம் கலங்கி மேலெழுவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். மனிதனின் ஆசையை அடியோடு மறுக்காமல், கருவியின் பலத்தை அளவிட்டு எல்லை வகுத்த அந்த முறை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கோயில்களின் அஸ்திவாரங்கள் மண்ணுக்குள் கிடக்கும் பூஜாங்கில் கைத்தட்டுக்கும் கூட இடங்கொடுக்கலாகாது என்பது என் துணிபு.

கையகலக் குழியைப் பெரிதுபடுத்துகிறேனே என்று சிலர் எண்ணலாம். 2013-ஆம் ஆண்டில் சுங்கை பத்துவில் பதினொன்றாம் எண் சண்டி, தனியார் நிலத்தைச் சமன்படுத்திய யந்திரங்களால் இடித்துத் தள்ளப்பட்டது. அரசிதழில் அது பாதுகாக்கப்பட்ட ஸ்தலமாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. டிசம்பரில் செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் எழுந்த வேதனை இன்றும் என் நெஞ்சில் ஆறவில்லை. பெரிய யந்திரம் ஒரு நாளில் செய்ததைச் சிறிய கருவிகள், நூறு விடுமுறை நாட்களில், யார் கண்ணிலும் படாமல் செய்துவிடும்.

நண்பர் கருவியை வீட்டிலே வைத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னுடன் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசகர்களும் பீடோங் வழியாக அங்கே ஒருமுறை சென்று வாருங்கள். தோட்டத்திலோ வயலிலோ ஆற்றங்கரையிலோ செதுக்கிய கல்லோ, பழைய ஓடோ கண்ணில் பட்டால், அதை அசைக்காமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள்.