துரு போகும், தகடு நிற்கும்

சில வருடம் ஓடாமல் கிடந்த பைக்கின் பெட்ரோல் டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பெயின்ட் மின்னும். உள்ளே செங்கல் நிறத்தில் செதில் செதிலாகத் துரு. டேங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் தகட்டில் நீராகப் படியும். பெட்ரோலைவிடக் கனமான அந்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். அங்கே கிளம்பும் துருத்தூள் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்து வண்டியை நிறுத்திவிடும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் துரு போகும். ஆனால் ஆசிட் நல்ல இரும்பையும் சேர்த்தே அரிக்கும். மெல்லிய தகடு ஓட்டையாகும். மின்சாரம் துருவை மட்டும் கழற்றி, தகட்டை விட்டுவிடுகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

பெட்ரோல் வாடை அறவே போகும்வரை டேங்கைக் கழுவி, அடித்துளையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைக்க வேண்டும். வாய்வழியே ஓர் இரும்புக் கம்பி, டேங்கில் எங்கும் படாமல் தொங்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்குக்கு.

இரும்பு தன் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் பறிகொடுத்த நிலைதான் துரு. மைனஸ் முனை டேங்குக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. துருவில் ஒரு பகுதி அவற்றை வாங்கி, கறுப்பான மேக்னடைட்டாக மாறிப் பிடி தளர்கிறது. தகட்டில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் மற்றதைத் தள்ளி உரிக்கின்றன. எலக்ட்ரான் நிறைந்து நிற்கும் நல்ல இரும்போ எதையும் இழப்பதில்லை. இழப்பெல்லாம் கம்பிக்கு, அதுதான் கரைகிறது. அழிந்த தகடு மட்டும் திரும்ப வராது.

1770-இல் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் சிக்கிய கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலிலிருந்து, எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் எறிந்தார்கள். 1969-இல் கண்டெடுக்கப்பட்ட அவற்றைக் காப்பாற்றியதும் மின்சாரம் பாய்ச்சும் இதே முறை, அதாவது மின்னாற்பகுப்புதான்.

கம்பிக்கு நேரே இருக்கும் பக்கம்தான் முதலில் வெளுக்கும். மூலைகளுக்குக் கம்பியை வளைத்து, இடம் மாற்றித் தொங்கவிட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

கவனமும் வேண்டும். 2 ஆம்பியர் மின்சாரம் 10 மணி நேரம் பாய்ந்தால் சுமார் 9 லிட்டர் ஹைட்ரஜன் வரை வெளிவரலாம். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். எனவே திறந்த வெளியில் செய்யுங்கள், டேங்கின் வாயை மூடாதீர்கள், சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சாக நீரில் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வாயு வரக்கூடும்.

நீரைக் கொட்டியதும் வெற்று இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி துருவேறத் தொடங்கும். உடனே அலசி, சூடான காற்றில் உலர்த்தி, உட்புறம் முழுக்க எண்ணெய் பூசிவிடுங்கள். இனி வண்டியை நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் டேங்கைப் பாதி காலியாக விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சுவிட்சைப் போடுவதற்குள் இரண்டு கிளிப்புகளையும் இன்னொரு முறை பாருங்கள். பிளஸ் டேங்குக்குப் போய்விட்டால், கரைவது டேங்காக இருக்கும்.